மங்கலமான சர்வர்

உலகத்தில் லட்சக்கணக்கான கணினி சர்வர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பண்பாடு தெரிந்தது ஒன்றே ஒன்றுதான் என்பதையும், அது மயிலாடுதுறையில் ஓர் உரக்கடை மாடியில் ஓடுகிறது என்பதையும் சரித்திரம் குறித்துக்கொள்ள வேண்டும். விவசாயி கைபேசியில் கேட்டால், கொள்முதல் நிலையத்தில் நெல் போட டோக்கன் கொடுப்பது அதன் திருப்பணி.

அதற்கு நிரல் எழுதிய கயல்விழிக்குத்தான் பண்பாடு போதவில்லை. ஒருவருடைய விண்ணப்பத்தில் சரிசெய்யவே முடியாத கோளாறு வந்தால், அதைச் சொல்லிவிட்டு அவர் இணைப்பை மட்டும் மூடிவிட வேண்டும் என்று எழுதியிருந்தாள். சோதனை நாளில் முதலாளி பரணிதரன் திரையைப் பார்த்தார். ‘பிழை. இணைப்பு மூடப்பட்டது.’ மனிதர் ஆடிப்போய்விட்டார்.

“கிளம்புறவங்ககூட ‘போயிட்டு வரேன்’னு சொல்ற ஊரும்மா இது. அறுவடை வீட்டுக்கு ‘மூடப்பட்டது’ன்னு அனுப்பலாமா?”

“சார், அந்த லைன் செத்துப்போச்சு. மூடலைன்னா இடத்தை அடைச்சுக்கிட்டே கிடக்கும்.”

“‘செத்துப்போச்சு’ன்னும் சொல்லாதீங்க.”

“வேற எப்படி சார் சொல்றது?”

“‘தயவுசெய்து காத்திருக்கவும்.’ எவ்வளவு நேரம்னு கேக்கமாட்டாங்க, நம்ம ஜனங்க.”

அன்று மாலையே அலுவலகக் கூட்டம் கூடி ‘இணைப்பு துண்டிக்காக் கொள்கை’யை நிறைவேற்றியது. கயல்விழி கையைத் தூக்கவில்லை. நடவடிக்கைக் குறிப்பில் அது ‘ஏகமனதாக’ என்று பதிவானது.

சம்பா அறுவடைக்கு டோக்கன் திறந்த அன்று காலை, ஒரே நேரத்தில் ஐந்நூறு பேருக்கு இடமுள்ள சர்வர் வந்தவர்களையெல்லாம் வரவேற்றது. கோளாறில் சிக்கிய ஒருவரையும் வெளியே அனுப்பவில்லை. ஒன்பது மணிக்குள் ஐந்நூறு இடமும் அப்படிச் சிக்கியவர்களாலேயே நிரம்பி, புதிதாக யாரும் நுழைய வழியில்லாமல் போயிற்று. எல்லார் கைபேசியிலும் ஒரே மரியாதை: ‘தயவுசெய்து காத்திருக்கவும்.’ பிழைப் பதிவேட்டில் பூஜ்யம். பரணிதரன் எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார்.

கயல்விழி ஜாங்கிரியை மேசை ஓரத்தில் தள்ளி வைத்தாள். சீர்காழிப் பக்கத்தில் அவள் அம்மா அம்சம், குத்தகை நிலத்தில் விளைந்த நெல் முழுவதையும் சாலையோரத்தில் குவித்து வைத்துக்கொண்டு நின்றாள். போன் வந்தது.

“காலையிலேருந்து காத்திருக்கச் சொல்லுதுடி. மேகம் கட்டிக்கிட்டு நிக்குது. அன்சார் பாய் அவரு மில்லு கொட்டகையில கொட்டிக்கச் சொல்றாரு. கொட்டிடவா, இருக்கவா?”

கயல்விழி போனைப் பொத்திக்கொண்டாள். “சார், இன்னிக்கு டோக்கன் வராது. சொல்லிடட்டுமா?”

“நல்ல நாள்ல வாயால அப்படிச் சொல்லாதீங்க. சரி பண்ணிக்கிட்டுதானே இருக்கோம்” என்றார் பரணிதரன். ஒருவரும் எதையும் சரிபண்ணிக்கொண்டிருக்கவில்லை.

“இரும்மா, இதோ வந்துடும்” என்றாள். சொன்ன வாய் அவளுக்கே கசந்தது.

இரண்டு மணிக்குப் பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. மூன்றாம் நாள் சாலையோர நெல் வெள்ளையாக முளைவிட்டு நின்றது. அன்றைக்கே, ஒரு விவசாயியைக்கூட ‘இல்லை’ என்று திருப்பி அனுப்பாத சாதனைக்காக ஏதோ ஒரு சங்கம் பரணிதரனுக்குக் கேடயம் கொடுத்தது.

கயல்விழி ஊருக்கு ஓடினாள். கொள்கையையும் அதிலிருக்கும் மரியாதையையும் அம்மாவிடம் விளக்கினாள். அம்சம் முளைத்த நெல்லில் ஒரு பிடி அள்ளியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“அது மெஷினு, அதுக்கு வாயில்ல. நீ என் பொண்ணுதானே? ‘வராதும்மா’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அத்தனையும் வாரிக் கொட்டகையில போட்டிருப்பேனேடி.”