நாலு தலையும் ஒரு முன்னறையும்

இந்த முறை விட்டுக்கொடுப்பதில்லை என்று சாவிக்காரர் காலையில் பல் துலக்கும்போதே முடிவு செய்துவிட்டார். வாய் நிறைய நுரை இருந்ததால் அதை வீட்டுக்காரி காதில் விழும்படி சொல்ல முடியவில்லை. அதுவும் நல்லதற்குத்தான்.

விஷயம் முன்னறை. நாள் முழுக்கக் கடையில் முதுகை வளைத்துப் பூட்டோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனுஷனுக்கு, சொந்தம் என்று இருந்தது அந்த அறை ஜன்னலோரத்துச் சாய்வு நாற்காலி ஒன்றுதான். அதைக் காலி செய்து தன் தம்பிக்குக் கொடுக்க வேண்டும் என்கிறாள் வீட்டுக்காரி. அந்த மச்சான் இருந்த வேலையை விட்டுவிட்டு ஷாம்பு கட்டி செய்கிறானாம். ஷாம்பு என்றால் பாட்டிலில் இருப்பது. இவன் அதைச் சோப்பு மாதிரி இறுக்கிக் கட்டியாக்குகிறான். காயவைக்க இடம் வேண்டுமாம்.

மச்சான் மேல் சாவிக்காரருக்கு ஒரு பழைய கடுப்பு உண்டு. கல்யாணமான புதிதில், அப்போதே பின்வாங்கத் தொடங்கியிருந்த முடியை அவர் கண்ணாடி முன் சீவிக்கொண்டிருந்தார். அரைக்கால் சட்டை போட்ட இந்தப் பயல் எட்டிப் பார்த்து, "மாமா, இதுக்குச் சீப்பு எதுக்கு? ஒரு துணி போதுமே" என்றான். கூடியிருந்த சொந்தமெல்லாம் சிரித்தது. சொன்னவன் மறந்துவிட்டான். சிரித்தவர்களில் பாதிப் பேர் செத்தே போய்விட்டார்கள். சாவிக்காரர் மறக்கவில்லை.

"ஏம்மா, சோப்பைத் தலையில தேச்சா முடி நாராப் போகாதா?"

"இது சோப்பு இல்லீங்க. ஷாம்புதான். தண்ணி மட்டும் கிடையாது."

"தண்ணி இல்லாத ஷாம்பு, மூளை இல்லாத மச்சான். நல்ல ஜோடி."

"பேச்சை மாத்தாதீங்க. ரூம் உண்டா, இல்லையா?"

இங்கேதான் சாவிக்காரர் மூளையைத் திறந்தார்.

"நியாயமாப் பார்ப்போம். நம்ம வீட்லயே நாலு தினுசுத் தலை இருக்கு. உனக்கு எண்ணெய் வழியற தலை. மகளுக்குச் சுருட்டை. உங்கம்மாவுக்கு வறண்ட நரை. எனக்கு..."

"உங்களுக்கு வெறும் கரை."

"குறுக்க பேசாதே! நாலு தலைக்கும் ஒத்துவந்தா ரூம் அவனுக்கு. ஒரு தலைக்கு ஒத்துவரலைன்னாலும் கிடையாது."

"சொன்ன சொல் மாற மாட்டீங்களே?"

"நான் போட்ட சாவி மாறினது உண்டா?"

இதைச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. எந்தச் சாவியை அறுத்தாலும் முதலில் அதன் ஓரத்தில் அரத்தால் பொடியாக ஒரு வெட்டுப் போடுவது அவர் பழக்கம். வேறு கடைச் சாவியைக் கொண்டுவந்து எவனாவது சண்டைக்கு நின்றால், "இந்த வெட்டு இருந்தா என் பொறுப்பு. இல்லேன்னா நடையைக் கட்டு" என்பார். இந்தப் பெருமையைச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக் கேட்டு மகளுக்கே மனப்பாடம்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் நாலு கட்டியோடு வந்தான். எல்லாம் வட்டமாக, வெளிர் மஞ்சளாக, ஒன்றுபோலவே இருந்தன.

"ஒரே கட்டி எல்லாத் தலைக்கும் ஆகாது மாமா. ஒரு கோடு போட்டது அக்காவுக்கு, எண்ணெயை எடுக்கும். ரெண்டு கோடு சுருட்டைக்கு, சிக்கு விழாது. மூணு கோடு அம்மாவுக்கு, முடி வறண்டு போகாது. கையில நுரை எடுத்துத் தலைக்குப் போடணும். குளிச்சதும் கட்டியை ஈரத்துல ஊறவிடக் கூடாது."

"எனக்கு எத்தனை கோடு?"

"உங்களுக்குக் கோடே வேணாம் மாமா. வேலையே கொஞ்சம்தானே."

வீட்டுக்காரி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். பழைய கடுப்பின் மேல் புதுக் கடுப்பு ஒரு மாடி கட்டியது.

மறுநாள் கடையில் சாவிக்காரர் மூன்று மஞ்சள் துணி சோப்பை வாங்கி, ரம்பத்தால் அறுத்து, அரத்தால் வட்டமாக ராவினார். கோடும் போட்டார். வாசனைக்கு வீட்டுக்காரியின் சென்ட் இரண்டு சொட்டு. அன்று அவரிடம் சாவி வாங்கியவர்களுக்கெல்லாம் கை வழுக்கியது. மழையில் நனைந்த ஒருவரின் சாவிக்கொத்து நுரைத்ததாகக் கேள்வி.

வீட்டுக்கு வந்து குளியலறையில் மூன்று கட்டியையும் மாற்றி வைத்தார். அசல் மூன்றையும் தன் கருவிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். தன்னுடைய கோடு போடாத கட்டியை மட்டும் தொடவில்லை. மிச்சம் இருப்பதே காதுக்குக் காது ஒரு வேலி. அதைப் பணயம் வைக்க அவர் என்ன பைத்தியமா?

பிறகு வந்த நாட்களில்தான் உலகம் தலைகீழானது. வீட்டுக்காரியின் முடி பட்டு நூலாகப் பறந்தது. மகளின் சுருட்டை, சுருள் கம்பி மாதிரி துள்ளியது. மாமியார் தலையோ பஞ்சு. எதிர் வீட்டு டீச்சரம்மா வாசலிலேயே நிறுத்தி, "என்ன போடறீங்க?" என்று விசாரித்தாள்.

'துணி சோப்புக்கு இவ்வளவு சக்தியா? இது தெரியாம சட்டைக்குப் போட்டு வீணாக்கிட்டோமே' என்று சாவிக்காரர் நினைத்துக்கொண்டார்.

அவர் தலைதான் அரித்தது. வேலி முடி தென்னை நார் பிரஷ் மாதிரி விறைத்து நின்றது. அதை மறைக்கப் போட்ட தொப்பியைக் கழற்றினால் பாதி அதோடு வந்தது. முதலில் மச்சானைத் திட்டினார். அப்புறம் பளிச்சென்று ஒன்று உறைத்தது. ஒரு தலைக்கு ஒத்துவரவில்லை! அப்படியானால் ஜெயித்தது யார்? முடி போனாலும் முன்னறை பிழைத்தது.

அடுத்த ஞாயிறு எல்லோரையும் முன்னறைக்கு அழைத்தார். சாய்வு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு தொப்பியை எடுத்தார்.

"பாருங்க! இதுதான் இவன் கட்டியோட லட்சணம். ரூம் கிடையாது!"

மச்சான் முகம் செத்துப்போனது. "மாமா, அப்படி ஆகவே ஆகாதே..."

"ஆகாதா? இது என்ன, விக்கா?"

வீட்டுக்காரி குளியலறைக்குப் போய் அவருடைய கட்டியைக் கொண்டுவந்தாள்.

"என்னங்க, இதைத்தானே போட்டீங்க?"

"சந்தேகமே இல்ல. இதைத்தான். தினமும்."

"இதுதான் உங்க தலையைக் கெடுத்துச்சு?"

"இதேதான்!"

"இதைச் செஞ்சவர்தான் பொறுப்பு?"

"வேற யாரு? செஞ்சவன்தான் பொறுப்பு!"

அவள் கட்டியைத் திருப்பி அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். ஓரத்தில் பொடியாக ஒரு வெட்டு இருந்தது.

சாவிக்காரரின் கை, எதை அறுத்தாலும் முதலில் என்ன செய்யுமோ, அதைச் சோப்பிலும் செய்திருந்தது. மூளையை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தாள். "இந்த வெட்டு இருந்தா என் பொறுப்பு. இல்லேன்னா நடையைக் கட்டு."

"எப்... எப்படித் தெரிஞ்சது?"

"அன்னிக்கு உங்க சட்டையைத் தண்ணியில முக்கினேன். சோப்பு போடறதுக்கு முன்னாடியே நுரை வந்துச்சு. சென்ட் பாட்டிலும் குறைஞ்சிருந்துச்சு. குளியலறையில பார்த்தா மூணு கட்டிலயும் உங்க வெட்டு. செஞ்சதெல்லாம் நீங்க. இடம் மாத்தினது மட்டும்தான் நான். ஒரு கட்டியில கோட்டைத் தேச்சு எடுத்துட்டு உங்களுக்கு வச்சேன்."

"வெட்டை ஏன் எடுக்கல?"

"என்னிக்காவது உங்க கண்ணுல படுதான்னு பார்த்தேன். உங்க தலைக்குச் செலவாகறது கொஞ்சம்தானே, வெட்டுகூடத் தேயல."

"பெட்டி பூட்டியிருந்துச்சே!"

அவள் இடுப்பிலிருந்து ஒரு மாற்றுச் சாவியை எடுத்துக் காட்டினாள். முன்பு ஒருநாள் அவர் தொலைத்துவிட்டு அலைந்தபோது, இனிமேல் ஆபத்துக்கு இருக்கட்டும் என்று அவரே அறுத்துக் கொடுத்தது. அதிலும் வெட்டு இருந்தது.

சாவிக்காரர் நாற்காலியிலிருந்து தானாகவே எழுந்தார்.

மறுநாள் முடிவெட்டுகிறவர் அவர் தலையைத் தொட்டுப் பார்த்து, இதற்கு இரும்பு வெட்டுகிற கத்திரிதான் வேண்டும் என்றார். பிறகு இரக்கப்பட்டு முழுசாக வழித்துவிட்டார். வீட்டுக்கு வந்தால், சாய்வு நாற்காலி அடுப்படி மூலையில் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் கிடந்தது. முன்னறையில் வரிசையாக அச்சுகள்.

மச்சான் மரியாதையாக எழுந்து நின்றான். பளபளக்கும் அந்தத் தலையை ஒரு சுற்றுப் பார்த்தான்.

"கவலையே வேணாம் மாமா. இனிமே உங்களுக்கு எந்தக் கட்டியும் ஒத்துவரும்."

அடுப்படியிலிருந்து வீட்டுக்காரி சொன்னாள்: "துணி சோப்புகூட."