அப்பாவின் கார் ஏன் மேடு ஏறவில்லை

அன்புள்ள மாமாவுக்கு,

முதலில் ஒன்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் காட்டவே காட்டாதீர்கள். அப்பாவிடம் காட்டினால் நான் பள்ளிக்கூடத்திலேயே குடியிருக்க வேண்டியதுதான். சாயங்காலம் மாடிப்படியில் பார்த்தபோது நீங்கள் நலமாகத்தான் இருந்தீர்கள், ஆகவே நலம் விசாரிப்பதை இத்துடன் முடித்துக்கொள்கிறேன். ஜன்னலோர மேசையில் டார்ச்சைத் துண்டால் மூடிக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது பயம், மரியாதைக் குறைவு இல்லை.

விஷயம் கார். நாளைக் காலை ஒருவர் வந்து அதை வாங்கிக்கொண்டு போகிறார். அப்பா சரி என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். அப்பாவைவிட வயதான அந்தக் கார் இல்லாமல் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

கண்ணாடிக் கடையில் அப்பா கண் பரிசோதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு லென்ஸாகப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று அலுக்காமல் கேட்பாரே, காரையும் அப்படித்தான் பார்ப்பார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது என்பது அவர் சட்டம். போன மாத மழையெல்லாம் விட்டபின் காரை வெளியே எடுத்தார். ரிவர்ஸ் கியர் போட்டதும் கறகறவென்று சத்தம், தெருவே எட்டிப் பார்த்தது. மருத்துவமனை மேட்டில் பாதி ஏறி, அதற்குமேல் என்னால் முடியாது என்று கார் முனகியது. பின்னால் வந்த சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப்போனார், அதுவும் போனில் பேசிக்கொண்டே.

அப்பா அசரவில்லை. ஷெட்டில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்சை விட்டார். இஞ்சின் பட்டென்று நின்றது. கார் போய்விட்டது என்றே நினைத்தேன். அப்பாவோ முதல் மார்க் வாங்கியவர் மாதிரி இறங்கி வந்தார். "வழுக்கல. வழுக்குற கிளட்சா இருந்தா இஞ்சின் நிக்காது. இது விட வேண்டிய நேரத்துல விடாம ஒட்டிக்கிட்டு நிக்குது. மழை ஈரத்துல பிளேட் துருப்பிடிச்சிருக்கும்." எவ்வளவு அழகாகச் சொன்னார் தெரியுமா மாமா! எங்கள் அறிவியல் ஆசிரியைகூட இப்படி விளக்கமாட்டார். இஞ்சினுக்குத் தனியாக வைத்தியம். பிளக்குகளைக் கழற்றி நிறம் பார்த்தார், பிஸ்கட் நிறம், நல்ல உடம்பு என்றார். நீளமான ஸ்க்ரூடிரைவரை இஞ்சினில் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். கார்புரேட்டர் திருகைக் கால்வாசி திருப்பி, இப்போ சத்தம் நல்லாருக்கா, முன்னாடி நல்லாருந்துச்சா என்று அம்மாவிடம் கேட்டார். "முன்னாடின்னா எப்போ? கல்யாணத்துக்கு முன்னாடியா?" என்றார் அம்மா. அப்பா அதற்கும் கோபப்படாமல் திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்.

போன சனிக்கிழமை கிளட்ச் கேபிளை இழுத்துக் கட்டினார். அவ்வளவுதான், கியர் வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல் விழுந்தது, மருத்துவமனை மேட்டில் கார் பறந்தது. அப்பா திரும்பி வரும்வரை பாடிக்கொண்டே வந்தார். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கறகற, மறுபடியும் முனகல். அன்றுதான் அப்பா முகம் தொங்கிப்போயிற்று. வண்டி தன்னை நம்பவில்லை என்று அம்மாவிடம் சொன்னாராம்.

மாமா, இனிமேல்தான் நான் பயப்படும் இடம். கோபப்படாமல் படியுங்கள். சனிக்கிழமை இன்னொன்றும் மாறியிருந்தது, அப்பாவுக்குத் தெரியாது. கிரீஸ் பட்டுவிட்டதென்று அம்மா காருக்குள் கிடந்த கம்பளத்தை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். மறுநாள் காலை திரும்ப விரித்துவிட்டார். போன மாத மழையில் வந்த அப்பாவின் பிறந்தநாளுக்கு நீங்கள் தந்த அதே கம்பளம். மெத்தை மாதிரி இருக்கும். இன்று பள்ளிவிட்டு வந்து நானே சீட்டில் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தேன். கம்பளம் இருந்தால் கிளட்ச் முழுதாக இறங்குவதில்லை, ஆக்ஸிலேட்டரும் பாதியில் முட்டிக்கொள்கிறது. கம்பளத்தை நகர்த்தினால் இரண்டும் அடிவரை போகின்றன. காருக்கு ஒரு வியாதியும் இல்லை.

இதை நான் யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னால், என் தம்பி கொடுத்ததுதான் உங்கள் கண்ணை உறுத்துகிறதா என்பார். உங்களிடம் நேரில் சொல்லவும் பயம். நீங்கள் தந்த திரைச்சீலையைப் பின்பக்க அறையில் மாட்டியதற்காக ஒரு மழைக்காலம் முழுக்கக் கீழே இறங்கி வராதவர் நீங்கள். தயவுசெய்து நாளைக் காலை அந்த ஆள் வருமுன் இறங்கி வந்து, மாடியில் தரை குளிர்கிறது, கம்பளம் கொஞ்ச நாள் எனக்கு வேண்டும் என்று நீங்களாகவே கேளுங்கள். பிறகு அப்பாவைக் கடைசியாக ஒரு சுற்று ஓட்டச் சொல்லுங்கள். மற்றதைக் கார் பார்த்துக்கொள்ளும்.

உங்கள் உடம்பும் கோபமும் சீராக இருக்க வேண்டுகிறேன். உங்கள் ஆசியை எதிர்பார்க்கும்,
மருமகள்

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். இப்போது ஷெட்டில் விளக்கு எரிகிறது. அப்பா எழுந்து போயிருக்கிறார். நீங்கள் கொடுத்தது காரோடு போய்விடக் கூடாதென்றுதான் போலிருக்கிறது, கம்பளத்தைக் குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்துச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு சும்மா சீட்டில் உட்கார்ந்து கிளட்சை மிதித்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். இறங்கி, கம்பளத்தைத் திரும்ப விரித்து மிதித்தார். எடுத்துவிட்டு மிதித்தார். ஒரு நேரத்தில் ஒன்று. அப்பா கண்டுபிடித்துவிட்டார் மாமா! ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டிருக்கிறார், தோள் குலுங்குகிறது, சிரிப்பா அழுகையா தெரியவில்லை. சிரிப்புதான். உள்ளே வருகிறார். என் கதவைத்தான் தட்டுகிறார்.

"முழிச்சுத்தானே இருக்க? டார்ச் வெளிச்சம் தெரியுது. மாமா மனசு நோகாம ரெண்டு வரி எழுதணும்மா. எனக்கு எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. நீ கொஞ்சம் எழுதிக் குடேன்."

மாமா, கதவு திறக்கிறது, நான் இதை எங்கே ஒளி