பட்டணத்துக்கு மூட்டை கட்டியவர்

பயணம் போகிறவர்களில் பல ரகம் உண்டு. ரெயில் வர அரை நாள் இருக்கும்போதே ஸ்டேஷனில் போய்ப் பெட்டிமேல் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறவர் ஒரு ரகம். ரெயில் நகர்ந்த பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுகிறவர் இன்னொரு ரகம். இவர்களால் யாருக்கும் பெரிய தொந்தரவு இல்லை, விட்டுவிடுவோம். நான் சொல்ல வந்தது மூன்றாவது ரகம். இவருக்கு வெளியூர் பார்க்க ஆசை உண்டு; சொந்த ஊரை விட்டுப் போகத்தான் மனசு வராது. ஆகவே ஊரையும் மூட்டையாகக் கட்டிக் கூடவே கொண்டுபோய்விடுவது என்று தீர்மானிப்பார். நம் நாஞ்சில் நாட்டு மண்ணில் இந்தப் பயிர் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் செழிப்பாகவே வளருகிறது. இவ்வளவு விவரம் உனக்கு எப்படித் தெரியும் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். கேட்டால் என் பெட்டியைத் திறந்து காட்டும்படி ஆகிவிடும்.

இவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். யாராவது சென்னைப் பட்டணம் போய்த் திரும்பினால், நீங்களும் நானும் அங்கே என்னென்ன இருக்கிறது என்று கேட்போம். இவர் என்னென்ன இல்லை என்று கேட்பார். நாகர்கோவில் மிஷன் பள்ளிக்கூடத்து ஞானையன் வாத்தியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவர். கண்ணை மூடிக்கொண்டு பலகையில் இந்தியா படம் போட்டு, சென்னைக்குச் சரியான இடத்தில் புள்ளி வைத்துவிடுவார். ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் காலெடுத்து வைத்தது கிடையாது. தாலுகா கச்சேரி குமாஸ்தா பொன்னுலிங்கம் ஒரு வேலையாகப் பட்டணம் போய்வந்தார் என்று கேள்விப்பட்டதும் வாத்தியார் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“ஹைக்கோர்ட்டுக்கு மேல ஒரு விளக்கு சாரே, கடல்ல எத்தனையோ மைலுக்கு வெளிச்சம் அடிக்கும்” என்று பொன்னுலிங்கம் ஆரம்பித்தார்.

“அது கெடக்கட்டும். தேங்காய் எண்ணெய் எங்க வாங்கினீரு?”

“டிராம் வண்டின்னு ஒண்ணு. மாடும் இல்ல, குதிரையும் இல்ல, தன்னால ஓடுது!”

“ஓடட்டும். நம்ம சம்பா அரிசி அங்க கிட்டுமா?”

“சாயங்காலம் கடக்கரையில நின்னா, இந்த மார்கழி வெயில் அப்பிடியே மேலுக்கு இதமா...”

“வெயிலு இங்கயும் உண்டும் ஓய். நெத்திலிக் கருவாடு கிட்டுமா, கிட்டாதா? அதைச் சொல்லும்.”

பொன்னுலிங்கம் ஓட்டலில் போட்டதைத் தின்றதாக ஒத்துக்கொண்டார். வாத்தியார் அவரை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, பட்டணத்தில் ஒன்றுமே கிடையாது என்ற முடிவோடு வீடு திரும்பினார்.

இப்படித்தான் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் லீவுக்கும் குடும்பத்தோடு பட்டணம் போவது என்று திட்டம் போடுவார். ஆவணி ஓணம் முடிந்ததும் பேச்சு தொடங்கும். ஐப்பசி மழையில் தளிர்விடும். கார்த்திகையில் வீடெல்லாம் படர்ந்து நிற்கும். டிசம்பர் பிறந்ததும் வாடிவிடும். ஒரு வருஷம் அந்த ஊர்த் தண்ணீர் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது. இன்னொரு வருஷம் கடல் பார்க்கப் பட்டணம் எதற்கு, சங்குத்துறைக் கடலில் என்ன தண்ணீர் வற்றிப்போயிற்றா என்ற யோசனை. அப்புறம் ஒரு வருஷம் கிறிஸ்துமஸ் பாட்டுக்குக் கோவிலில் ஆள் குறைவு. வாத்தியாருக்குப் பாட்டு வராது என்பது வேறு விஷயம்.

ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷம் அப்படி விட முடியவில்லை. வாத்தியாரின் மனைவி சத்தியபாய்க்கு ஒரே தங்கை, கிளாரா. தாயில்லாப் பிள்ளை. அக்காளுக்குக் கல்யாணமானபோது பாவாடையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தவள் வாத்தியார் வீட்டிலேயே வளர்ந்தாள். அவளுக்கு எழுத்தறிவித்தவர் வாத்தியார். நர்ஸ் படிப்புக்கு அனுப்பிவைத்துவிட்டு அன்றிரவு சாப்பிடாமல் படுத்தவரும் அவர்தான். இப்போது அவள் பட்டணத்தில் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, அங்கேயே கல்யாணமும் ஆகி, புருஷனுக்கு ரங்கூனில் உத்தியோகம் கிடைத்துக் கப்பலேறப் போகிறாள். புது வருஷத்துக்கு மறுநாள் விடியற்காலம் கப்பல். ரங்கூன் போனவர்கள் திரும்பி வருவது யார் கையில் இருக்கிறது? சத்தியபாய் ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

“இந்தத் தடவை அவளைப் பாக்கல்லைன்னா, இனி பரலோகத்திலதான் பாக்கணும்.”

வாத்தியார் அரண்டுபோனார். கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்த மறுநாளே புறப்படுவது என்று சத்தியம் செய்தார். செய்த கையோடு, பூதப்பாண்டியில் சொல்லிவைத்து ஒரு மட்டி வாழைக்குலை வாங்கிக் கொண்டுவந்தார். கிளாராவுக்கு மட்டிப்பழம் என்றால் உயிர். ஆனால் குலை பச்சையாக இருந்தது.

“இப்பம் கொண்டுபோனா இவ்வளவு பச்சையா எங்ஙன குடுக்க? நாலஞ்சு நாள் கழிச்சுப் போனா, அவ கையில குடுக்கும்போ நல்ல பதமா இருக்கும்” என்றார்.

“அவ பழம் கேக்கல்ல. நம்மளைத்தான் கேக்கா.”

“பழம் அங்க கிட்டுமா ஏட்டி?”

கிட்டாதுதான். ஆகவே வாழைக்குலையின் சௌகரியத்தை அனுசரித்துப் பயணம் தள்ளிப்போயிற்று. வருஷத்தின் கடைசி நாள் காலை பஸ் பிடித்து, சாயங்காலம் திருநெல்வேலியில் ரெயிலேறினால், புது வருஷத்தன்று பட்டணம். ஒரு பகல், ஒரு ராத்திரி கிளாராவோடு இருக்கலாம். விடிந்தால் கப்பல். வருஷக் கடைசி ஆராதனையை விடுகிறோமே என்று பாஸ்டர் ஐயாவிடம் போய் வாத்தியார் மன்னிப்பும் கேட்டுக்கொண்டு வந்தார். குலை மட்டும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

கிடைத்த நாட்களில் மூட்டைகள் குட்டி போட்டன. சம்பா அரிசி, தேங்காய், எண்ணெய், கருப்பட்டி, நல்லமிளகு, கருவாடு, நேந்திரங்காய் உப்பேரி. இவற்றில் பாதி தாங்கள் தின்ன, பாதி கிளாரா ரங்கூன் கொண்டுபோக. பட்டணத்து அம்மியில் அரைத்தால் மீன்குழம்பு கசக்கும் என்று யாரோ சொன்னதால் சின்ன அம்மி ஒன்று, அதன் குழவி, குழவி உருளாமலிருக்க ஒரு தலையணை. முதல் நாள் குடிக்க நம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஒரு குடம். எல்லாவற்றுக்கும் மேல், ஊர் உப்புக்குள்ள ருசி வேறெங்கும் வராது என்று ஒரு துணிப்பையில் உப்பு.

“உப்பையுமா கொண்டுபோணும்? பட்டணமே கடக்கரையில்லா!” என்றாள் சத்தியபாய்.

“ஒரு வேளை அந்தக் கடல் வேற கடலா இருக்கும்” என்றாள் மகள் நேசபாய். பத்து வயசு. அப்பாவிடம் பூகோளம் படித்தவள்.

பஸ்காரன் மூட்டைகளைக் கூரைமேல் ஏற்றும்போதே முனகினான். கருவாட்டுக்குப் பக்கத்தில் உட்கார நேர்ந்தவர்கள் கர்ச்சீப்பை எடுத்தார்கள். வாத்தியார் ஒன்றையும் கவனிக்கவில்லை. தோவாளை தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கூரைமேல் குலை பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க முயன்றார். காற்று கண்ணில் மண்ணைப் போட்டது. இருந்தாலும் அவர் மனசு நிறைந்திருந்தது. கிளாரா மூட்டையை அவிழ்ப்பாள், மணத்தைப் பிடித்ததும் ‘அத்தான்!’ என்பாள், அதைக் கேட்கத்தானே இவ்வளவும்!

ஆரல்வாய்மொழியில் திருவிதாங்கூர் சுங்கச் சௌக்கை. அதைத் தாண்டினால் வெள்ளைக்காரன் சீமை. முப்பதாம் வருஷம் எப்படிப்பட்ட வருஷம் என்று உங்களுக்குத் தெரியும். தேசமெங்கும் உப்புக்காக அடிதடி, ஜெயில். உப்பு என்ற வார்த்தையைக் கேட்டாலே உத்தியோகஸ்தர்களுக்குத் தும்மல் வந்துகொண்டிருந்த சமயம். அந்தச் சமயத்தில், சக்கரவர்த்திக்காக ஞாயிறுதோறும் தவறாமல் ஜெபம் பண்ணுகிற நம் வாத்தியார், பை நிறைய உப்போடு எல்லையில் போய் நின்றார்.

“இது என்ன சாரே?” என்றார், கூரையிலிருந்து மூட்டைகளை இறக்கவைத்த சௌக்கைப் பிள்ளை.

“உப்பு.”

“எதுக்கு?”

“மீன்குழம்புக்கு.”

பிள்ளை அவரை ஏறஇறங்கப் பார்த்தார். தாடி இல்லை, கதர் இல்லை, முகத்தில் தேசபக்தியின் சாயலே இல்லை. “எனக்கு மனசிலாவுது. ஆனா ஒரு மூட்டையில உப்பு கண்டா எல்லா மூட்டையையும் அவுத்துப் பாக்கணும், அதுதான் சட்டம். பஸ்ஸு நிக்காது. மூட்டையெல்லாம் இங்ஙன கெடக்கட்டும், நீங்க போங்க. திரும்பி வரும்போ எடுத்துக்கிடலாம்.”

நல்ல மனுஷன். இதைவிட மரியாதையாக ஓர் உத்தியோகஸ்தர் பேச முடியுமா? வாத்தியார் பஸ்ஸைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார்.

“அஞ்சு நிமிஷம்” என்றார். “நானே அவுத்துக் காட்டுதேன். அரிசி தனியா, கருப்பட்டி தனியா...”

டிரைவர் ஹாரனை அழுத்தினான். சத்தியபாய் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். “கேட்டியளா, போட்டுட்டு வாருங்க!”

“அதெங்ஙன போட்டுட்டு வாறது? கிளாராவுக்குள்ளது எல்லாம் இதுலயாக்கும் இருக்கு!”

“கிளாரா அங்க இருக்கா!”

அது வாத்தியார் காதில் விழுந்தது, புரியவும் செய்தது. ஆனால் கை ஒரு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தது, அது பாதியில் இருந்தது. இன்னும் ஒரே ஒரு முடிச்சு என்று நினைத்தார். ஹாரன் மறுபடி அலறியது. சத்தியபாய் மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, டிரைவரைப் பார்த்து, “நீங்க எடுங்க” என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவரைக் கேட்காமல் எடுத்த முதல் முடிவு. பஸ் கிளம்பியது. வாத்தியார் ஒரு கையில் கயிற்றோடு நாலு எட்டு ஓடினார். பிறகு மூட்டைகளை நினைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

அன்றைக்கு இனி வேறு பஸ் கிடையாது. மறுநாள் பஸ்ஸில் போனால் கப்பல் போன பிறகுதான் பட்டணம் போய்ச் சேரலாம். பூகோள வாத்தியாருக்கு இந்தக் கணக்கு ஒரு நொடியில் வந்துவிட்டது. அவர் அம்மிமேல் உட்கார்ந்தார். மத்தியானம் பயணத்துக்குக் கட்டின பொதிச்சோற்றைப் பிரித்து, பாதியைச் சௌக்கைப் பிள்ளைக்குக் கொடுத்தார்.

“எதுவரைக்கும் போவாமெண்ணு இவ்வளவும் கட்டினீங்க?” என்று பிள்ளை கேட்டார்.

“பட்டணத்துக்கு. ஆனா நான் பட்டணத்துக்குப் போவல்ல, எங்க அடுக்களைக்குத்தான் போயிட்டிருந்தேன் போலிருக்கு. அது ஆரல்வாய்மொழிக்குள்ளேயே வந்துட்டு” என்றார் வாத்தியார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நடுவில் நின்றுபோனது. பிள்ளை எழுந்துபோய் ஒரு மாட்டுவண்டி பிடித்துக் கொடுத்தார்.

அடுத்த வாரம் சத்தியபாயும் மகளும் திரும்பி வந்தார்கள். இருவர் முகத்திலும் நல்ல வெயில் பட்ட நிறம். வாத்தியார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். வேறு என்ன கேட்பதென்று தெரியாமல், வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

“அரிசி என்ன அரிசி? எண்ணெய் நல்லெண்ணெயா? தண்ணி ஒத்துக்கிட்டா?”

சத்தியபாய் கொஞ்சநேரம் யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள். “தெரியல்ல. கிளாரா பக்கத்துல இருந்தா. என்ன தின்னேன்னு பாக்கல்ல” என்றாள். அப்புறம், உள்ளே போகப் போனவள் திரும்பி நின்று சொன்னாள். “அத்தான் பின்னால வாறாங்கன்னு நான் சொல்லிட்டேன். கப்பல்ல ஏறின பெறவும், கரையைப் பாத்துட்டே நின்னா.”

வாத்தியார் அன்று முழுக்க யாரிடமும் எது எங்கே கிட்டும் என்று கேட்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். நமக்கென்ன, நாம் எல்லாம் அளவாகக் கட்டுகிறவர்கள். ஆனால் அடுத்த லீவுக்கு நீங்கள் குடும்பத்தோடு புறப்படும்போது, வண்டிக்காரன் உங்கள் சாமான்களைப் பார்த்துவிட்டு, “வீடு மாறுதியளா சார்?” என்று கேட்டால், அவன்மேல் கோபப்படாதீர்கள். பக்கத்தில் நிற்கும் உங்கள் வீட்டுக்காரியின் முகத்தை ஒரு தடவை பாருங்கள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தால் உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. சிரிக்காமல் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தால், கையிலிருக்கும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு முதலில் வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள்.