உண்மைக் காரணம் தெரிந்தவர்

வாசகர்களே, உலகில் காரணம் கேட்கிறவர்கள் உண்டு, காரணம் தேடுகிறவர்கள் உண்டு. இவர்களைத் தவிர, எதற்கும் உண்மைக் காரணத்தைச் சட்டைப் பையில் தயாராக வைத்திருக்கிற ஓர் இனமும் உண்டு. நிலக்கரியில் ஓடும் ஒரு மின் நிலையத்தில், கொதிகலன் பிரிவில், அந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர் இருந்தார். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் ‘உள்விவரம்’.

நிலையத்தை மூடப் போகிறார்கள். ஏன்? அறிவிப்புப் பலகையில் ஒட்டியே இருந்தது: கொதிகலன்களுக்கு வயதாகிவிட்டது, ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று படுத்துக்கொள்கிறது; புகையை வடிகட்டக் கருவி வைத்தால் கட்டுப்படியாகாது; காற்றிலும் வெயிலிலும் எடுக்கிற மின்சாரம் மலிவாகக் கிடைக்கும்போது இதை வாங்க ஆளில்லை. தன் வீட்டு மொட்டை மாடியில் சோலார் பலகை மாட்டி மின் கட்டணத்தைப் பாதியாக்கியவருக்கு இது சட்டென்று விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

“இதெல்லாம் நமக்குக் காட்டுறதுக்கு எழுதுனது” என்று சிரித்தார்.

டீக்கடையில் அவர் சொன்ன காரணம், மேலாளரின் மைத்துனருக்கு அந்த நிலத்தின் மேல் கண். முடி வெட்டுகிறவரிடம், கழுத்தில் கத்தி இருக்கும்போதே தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னது, கடல் கடந்த சதி. மச்சானிடம், “போன்ல சொல்ல முடியாது மாப்ள.” யாராவது நம்பினார்களா? நம்புவது எதற்கு? கேட்டார்களே, போதாதா?

வீட்டில்தான் எடுபடவில்லை.

“ஏங்க, எதுக்கு மூடினா நமக்கென்ன? துணை மின் நிலையத்துல வேலை தர்றாங்களாம், இன்னிக்குத்தான் கடைசி நாள். போய்ப் பேரைக் கொடுத்துட்டு வாங்க. பொண்ணு இன்னும் படிப்பை முடிக்கல” என்றாள் மனைவி. அவள் குரலில் இருந்த பயம் அவருக்கே உறைத்தது. உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வரிசையில் நல்ல இடம்தான் கிடைத்தது. முன்னால் நின்ற கிரேன் ஓட்டுநர் சும்மா இருக்காமல், “நல்லா ஓடிட்டிருந்ததை ஏன்ணே மூடுறாங்க?” என்றார்.

கேட்கலாமா அப்படி ஒரு கேள்வியை?

உள்விவரம் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரல் எல்லோருக்கும் கேட்க வேண்டுமே என்று வரிசையைவிட்டு வெளியே வந்தார். எதிரே நின்றுகொண்டு நிலம், மைத்துனர், சதி என்று விரிக்க ஆரம்பித்தார். கேட்டவர்கள் “அப்படியா!” “அடப்பாவிகளா!” என்று வாயைப் பிளந்தபடியே அடியடியாக நகர்ந்து, சன்னலில் பெயரைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் பேசி முடித்தபோது சன்னலைச் சாத்தினார்கள். இடம் நிரம்பிவிட்டதாம்.

மனைவி வாசலிலேயே நின்றாள். “கொடுத்துட்டீங்களா?”

“இடம் முடிஞ்சு போச்சுன்னு சாத்திட்டாங்க. அதுக்கு உண்மையான காரணம் என்னன்னா...”

“வேணாங்க. கிரேன்காரர் சம்சாரம் போன்ல சொல்லிட்டாங்க. காரணம் எனக்குத் தெரியும்.” சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு வேறொரு காரணம் கிடைக்கவில்லை.

பாவம், சிரிக்காதீர்கள். அது சரி, அந்தச் சன்னலை அத்தனை சீக்கிரம் சாத்தியதில் ஏதோ உள் வேலை இருக்கும் என்று உங்களுக்கும் பட்டதல்லவா? பட்டிருந்தால், அடுத்த முறை வரிசையில் நிற்கும்போது யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்காதீர்கள்.