எங்கள் லயத்துப் பூவின் பிரஜாவுரிமை

உலகத்தின் மகத்தான கண்டுபிடிப்புகள் அனைத்தும் யாரோ ஒருவனின் இடுப்பு வலியில்தான் தொடங்குகின்றன என்பது என் துணிபு. எங்கள் தோட்டத்தில் நடந்த கண்டுபிடிப்பு என் இடுப்பில் தொடங்கியது. வருடக்கணக்காகத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டித் தேய்ந்த இடுப்பு. இனி மலைக்கு உதவாது என்று என்னைத் துரை பங்களாவின் பூந்தோட்டத்துக்கு மாற்றியிருந்தார்கள். துரையின் மனைவியான துரைசாணியின் கேமராப் பெட்டியும் மூன்றுகால் ஸ்டாண்டும் அந்த இடுப்பை நம்பித்தான் மலையேறி இறங்கின. விஞ்ஞானம் என்மேல் வைத்த நம்பிக்கையை நினைத்தால் இன்றைக்கும் குனிய முடிவதில்லை.

துரைசாணி பூக்களைப் படம் பிடிப்பவர். நுவரெலியாவில் 'மலைநாட்டு மலர்ச் சங்கம்' என்று ஒன்று இருந்தது. அதன் கனவான்களும் சீமாட்டிகளும் மாதம் ஒருமுறை கூடி, கேக் சாப்பிட்டு, அடையாளம் தெரியாத பூக்களுக்கு அடையாளம் வழங்கி வந்தார்கள். அடையாளம் தெரியாத மனிதர்களுக்கு அதை வழங்க வேறோர் அரசாங்கக் கந்தோர் இருந்தது. அங்கே கேக் கிடையாது.

வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட எங்கள் லயத்தில் கடைசிக் காம்பரா வேலாயியுடையது. அவள் கொழுந்து எடுப்பவள். அதே காம்பராவில் பிறந்தவள். இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்பதால், இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு மனுப் போட்டிருந்தாள். அவளைப் பற்றி அறிந்துகொள்ள அந்தக் கந்தோர் காட்டிய ஆர்வம் போற்றத்தக்கது. திரும்பத் திரும்ப விசாரணைக்கு அழைத்தது. அழைத்த நாளிலெல்லாம் தள்ளி வைத்தது. அலைந்த அலைச்சலில், லயத்துக்குப் பின்னால் நட்டிருந்த லீக்ஸைப் பிடுங்க மறந்துபோனாள்.

லீக்ஸ் வெங்காய ஜாதிக் கறிகாய்; பூக்கும்வரை யாரும் அதை விட்டுவைப்பதில்லை. பிடுங்கி விற்போம், மிச்சத்தைத் தின்போம். கேட்பாரில்லாத இந்த லீக்ஸோ தண்டு விட்டு, நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்து, உச்சியில் பந்துபோல ஓர் ஊதாப் பூவைத் தாங்கி நின்றது. லீக்ஸ் சூப் குடிக்காத துரை இந்த மலையில் இல்லை. லீக்ஸ் பூவைப் பார்த்த துரையும் இல்லை.

அந்த வழியாக நடந்துவந்த துரைசாணி, கோயிலைக் கண்டவர்போல நின்றுவிட்டார். கேமராவை எடுத்துவர என்னை விரட்டினார். கொண்டுவந்து இறக்கியபோது, வேலாயி உண்மையைச் சொல்ல வாயெடுப்பது தெரிந்தது. அவளை ஓரமாக அழைத்தேன்.

"லீக்ஸுன்னு சொல்லிப்புடாத தங்கச்சி. மனு எழுதுறவரு போட்டோ கேக்குறாருன்னு சொன்னியே? பூவோட நீயும் நின்னுக்க. ஓசியில விழுந்துரும்."

"தொரசாணி கேட்டா என்னன்னு சொல்றது?"

"என்ன பூவுன்னு தெரியாதுன்னு சொல்லு. தெரியாததுன்னாத்தான் அவங்களுக்குப் புடிக்கும்."

"என்னையுந்தான் அவங்களுக்குத் தெரியாது. புடிச்சிருச்சாக்கும்," என்றாள்.

சொல்லிவிட்டு உள்ளே போய்த் தலைக்கு எண்ணெய் தடவி, பொட்டு வைத்து, தீபாவளிச் சேலையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். காற்று பலமாக இருந்தது. ஆடும் தண்டைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. எங்கள் திட்டம் தானாகவே பலித்தது.

துரைசாணியின் தமிழில் கட்டளைகள் மட்டுமே உண்டு. "நீ பிடி. நீ ஆடாதே."

வேலாயி ஆடாமல் நின்றபடியே தனக்கும் ஒரு படம் வேண்டும் என்று கேட்டாள். "நீ நில்லு. படம் உனக்குக் குடுக்கும்," என்று துரைசாணி வாக்களித்தார்.

உடன் வந்திருந்த, எங்கள் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா பூவை முகர்ந்து வெங்காய வாசம் அடிப்பதாகச் சொன்னார். உடனே ஆராய்ச்சியில் இறங்கி, அந்த வாசம் வேலாயியின் கையிலிருந்து வருவதாகத் தீர்ப்பும் வழங்கினார். இவ்வளவு கூர்மையான மூக்கு ஒரு கண்டாக்குக்கு அமைவது அபூர்வம்.

சங்கம் கூடிய நாளில் பெட்டியைச் சுமந்துகொண்டு நானும் போனேன். குசினி வாசலில் நிற்க அனுமதித்தார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்துக்கொண்டு, பூவின் நிறம் ஊதாவா நீலமா என்று நெடுநேரம் சண்டை நடந்தது. பிறகு ஒருவர், இந்தச் செடி இந்த நாட்டுக்கு எப்போது வந்தது, அதற்கு அத்தாட்சி உண்டா என்று கேட்டாராம். தலைவர் கோபித்துக்கொண்டாராம்: "வேர்விட்டுப் பூத்து நிற்கிறது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி?" கதவருகே நின்ற கண்டாக்கையா எனக்குத் தமிழில் சொன்னது இது. பூ 'இம்மண்ணுக்கே உரியது' என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அந்த மகிழ்ச்சியில் எல்லாரும் சூப் குடித்தார்கள். குசினிக்காரர் அதற்கு லீக்ஸ் நறுக்கியதை நான்தான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

துரைசாணி சொன்ன சொல் தவறவில்லை. வேலாயிக்கும் ஒரு படம் வந்தது. பூ அற்புதமாக விழுந்திருந்தது. இதழ் இதழாக எண்ணலாம். தண்டைப் பிடித்தபடி ஒரு கையும் விழுந்திருந்தது. கையோடு படம் முடிந்துவிட்டது. வேலாயி அதைத் திருப்பி, பின்பக்கத்தில் தன்னைத் தேடினாள்.

"நான் எங்கண்ணே?"

எனக்கு இடுப்பு வலித்தது. அவள் அதை மனு எழுதுபவரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். கையை வைத்து ஆளைச் சொல்ல முடியாது என்றார் அவர். அடுத்த விசாரணையில், இங்கே வேரூன்றியவள்தான் என்பதற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டு மறுபடியும் தள்ளி வைத்தார்கள்.

லீக்ஸுக்கு இப்போது வேலி போட்டிருக்கிறது. பெயர்ப்பலகையும் உண்டு. அதைப் பிடுங்குகிறவர்களைப் பற்றுச்சீட்டுக் கொடுத்து, வேலையிலிருந்து நீக்கி, தோட்டத்தை விட்டே அனுப்புவார்களாம்.

துரைசாணி நல்லவர். சங்கத்தார் நீதிமான்கள். கந்தோர்க்காரர்கள் கவனமானவர்கள். இவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து வேலாயிக்குக் கொடுக்க வேண்டிய முகம் ஒன்று இன்னும் பாக்கி.