எழுந்தால் வரும் தலைவலி

"உட்கார்ந்தா தலை பிளக்குதுங்க," என்று படுக்கையில் சாய்ந்தாள் பிளம்பரின் மனைவி. சாய்ந்ததும் முகம் தெளிந்துவிட்டது.

ஆபரேஷனில் குழந்தை பெற்று வீட்டுக்கு வந்ததிலிருந்து இதே கதைதான். குழந்தை அழும், எழுவாள், தலையைப் பிடித்துக்கொண்டு விழுவாள்.

"எழுந்தா வலி, படுத்தா காணோம். சுத்த நடிப்புடா!" என்றாள் பிளம்பரின் அம்மா.

பிளம்பருக்கு மனைவி மேல் உயிர். ஆனாலும் அம்மா சொல்வதில் நியாயம் இருப்பதுபோல் பட்டது. தலையணைகளை அடுக்கி மனைவியை நிமிர்த்தி உட்காரவைத்தான். வாந்தி எடுத்தாள். காற்றுப் பட்டால் சரியாகும் என்று மொட்டைமாடிக்குக் கைத்தாங்கலாக ஏற்றினான். பாதி வழியில் "அய்யோ!" என்று படியிலேயே படுத்துவிட்டாள். படுத்த கையோடு வலி போயே போச்சு.

"பாத்தியா!" என்றாள் அம்மா.

"நீங்களும் நம்பலையா?" மனைவி அழுதேவிட்டாள். அவனுக்கு நெஞ்சை அறுத்தது. டாக்ஸியின் பின் சீட்டில் அவளைப் படுக்கவைத்து, குழந்தையோடு அம்மாவையும் முன்னால் ஏற்றி, தான் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தான்.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டாள். "நடிப்பெல்லாம் இல்ல. மூளையைச் சுத்தி மூணு சவ்வு இருக்கு. வெளியே தோல் மாதிரி கெட்டியா ஒண்ணு, நடுவுல சிலந்தி வலையாட்டம் ஒண்ணு, உள்ளே மூளையோட மேடுபள்ளமெல்லாம் ஒட்டிக்கிட்டு மெல்லிசா ஒண்ணு. அப்படியே முதுகு வரைக்கும் பையாட்டம் இறங்குது. உள்ள இருக்கிற தண்ணியிலதான் மூளை மிதக்குது. மரத்துப்போக முதுகுல ஊசி போட்டாங்கல்ல? அந்த ஓட்டை மூடாம ஒழுகுது. எழுந்தா மூளை தாங்கலில்லாம கீழ சரிஞ்சு சவ்வை இழுக்குது, வலிக்குது. படுத்தா இழுப்பு இல்ல, வலியும் இல்ல."

பிளம்பர் தலையில் அடித்துக்கொண்டான். கீழே ஒழுகினால் மேலே பிரஷர் இறங்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவன் அவன்.

"ஆயுசு முழுக்க ஒரு ஜாயின்ட் இல்லாம, ஒரு சொட்டு ஒழுகாமலா? யப்பா, என்னா வேலைப்பாடு!"

"அடைக்கிறது இன்னும் அழகு. அவங்க கையிலேர்ந்தே ரத்தம் எடுத்து முதுகுல அந்த ஓட்டைகிட்ட ஏத்தினா, உறைஞ்சு அடைச்சுக்கும்."

அப்படியே செய்தார்கள். கொஞ்ச நேரத்தில் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். வலியே இல்லை. பிளம்பருக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது. "மன்னிச்சுடும்மா," என்றான் அவளிடம்.

அம்மா தயங்கித் தயங்கி டாக்டரம்மாவிடம் போனாள்.

"இவனைப் பெத்தப்போ எனக்கும் முதுகுல ஊசி போட்டாங்க. எழுந்தா இதே வலி. நான் நடிக்கிறேன்னு வீடே சொல்லிச்சு, நானும் அப்படித்தான் போலன்னு நம்பிட்டேன். அப்போ... நான் நடிக்கலையா டாக்டர்?"