கேட்கிற ஓம்

எங்கள் ஊரில் 'ஓம்' என்ற சொல்லை நம்பி எந்தக் காரியத்திலும் இறங்கக் கூடாது. கலியாணத்துக்கு வருவீர்களா என்றால் ஓம் என்பார்கள், வரமாட்டார்கள். விளங்கியதா என்றால் வகுப்பே சேர்ந்து ஓம் போடும், ஒருவருக்கும் விளங்கியிருக்காது. இதெல்லாம் தெரிந்த நானே அந்தச் சொல்லை ஒருமுறை பிழையான இடத்தில் சொல்லி, என் இளமையின் பெரிய ஆசையை என் வாயாலேயே கனடாவுக்கு அனுப்பிவைத்தேன்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம். உடுப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை. பிள்ளைகளின் ஒரு காது பாடத்திலும் மற்றக் காது வானத்திலும் இருக்கும். எழுதச் சொன்னால் எழுதாமல் அழுகிற பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களோடு இருந்து கதைக்க ஓர் ஆள் வேண்டும் என்று அதிபர் நினைத்தார். 'சீர்மியம்' என்ற புதுச்சொல் அப்போதுதான் எங்கள் பக்கம் வந்திருந்தது. மனம் குழம்பியவர் சொல்வதை முறையாகக் கேட்டு, அவரே தெளிவுபெற உதவுகிற வேலை. (அம்மா கேட்டது: "சீர்மியமோ? உதென்ன வருத்தம்? தொத்துமோ?")

சீர்மியர் ஆவது லேசான காரியமில்லை. படிப்பித்த அனுபவம் வேண்டும், அதிபரின் சிபாரிசு வேண்டும், சனிக்கிழமை தோறும் யாழ்ப்பாணத்தில் நடக்கும் வகுப்புக்கு ஒரு வருடம் போக வேண்டும். கடைசியில், பயிற்றுநர் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவரின் உண்மையான பிரச்சினையைக் கேட்டுக் காட்ட வேண்டும். தேறினால் சான்றிதழ். அதோடு பள்ளிக்கூடத்தில் உடைந்த கதிரைகள் போட்டிருந்த அறையை ஒதுக்கி, எனக்கென்று தருவதாக அதிபர் சொல்லியிருந்தார்.

அந்த அறைக்காகத்தான் வல்லை வெளிக் காற்றில் அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்தேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் மிதித்தது சிவாஜினிக்காக. சண்டிலிப்பாயிலிருந்து வரும் தமிழ் ரீச்சர். முன்வரிசையில் இருந்து, சிரிப்பு வந்தால் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்துவார். அவர் சிரித்த சனிக்கிழமைகளில் திரும்பும் வழி எனக்குக் குறுகிவிடும். வராத சனிக்கிழமைகளில் உலகம் எதற்கு என்று இருக்கும். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன். அதுவரை ஒரு சொல் சொல்லவில்லை. (காதலிப்பதற்கும் சான்றிதழ் வேண்டும் என்று எந்த மடையன் எனக்குச் சொன்னானோ!)

எங்கள் பயிற்றுநரை எல்லோரும் 'மிஸ்' என்போம். பனையோலை விசிறியும் கையுமாக இருப்பார். அவருடைய விதிகள் கடுமையானவை. புத்தி சொல்லக் கூடாது. சொந்தக் கதை சொல்லக் கூடாது. 'நான் என்ன செய்ய?' என்று கேட்டாலும் விடை சொல்லக் கூடாது. மௌனத்துக்குப் பயப்படக் கூடாது. அறைக்குள் கேட்டதை வெளியில் கதைக்கவே கூடாது. கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று காட்ட, இடைக்கிடை ஒரு 'ம்' மட்டும் போடலாம்.

என்னுடைய 'ம்' மிஸ்ஸுக்குப் பிடிக்கவில்லை.

"உம்மடை 'ம்' வயித்துக்குத்துக்காரன் முனகிற மாதிரிக் கிடக்கு. கதைக்க வந்த பிள்ளை பயந்து ஓடப்போகுது. நீர் 'ஓம்' எண்டு சொல்லும்."

அன்றிலிருந்து நான் ஓம்காரன் ஆனேன். வீட்டில் அம்மாவிடம் பழகினேன்.

"அரிசி முடிஞ்சுது, தம்பி."

"ஓம். அரிசி முடிஞ்சது உங்களுக்குக் கவலையாய் இருக்கு."

"கவலையோ? சைக்கிளை எடுத்துக்கொண்டு சங்கக்கடைக்குப் போடா!"

கடைசிச் சோதனைக்கு யாரோடு யார் என்று மிஸ் சோடி பிரித்தபோது எனக்குச் சிவாஜினி வந்தார். அன்று வரும் வழியில் இருந்த எல்லாப் பிள்ளையாரையும் கும்பிட்டிருந்தேன். ஒருவர் கேட்டுவிட்டார் என்று நினைத்தேன். கரி போட்ட இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிய வெள்ளைச் சேட்டு. எதிரெதிராக இரண்டு கதிரை. மூலையில் மிஸ்ஸும் விசிறியும்.

"கதையுங்கோ," என்றேன், குரலைத் தாழ்த்தி.

"வீட்டிலை எனக்கொரு சம்பந்தம் பேசினம். மாப்பிள்ளை கனடாவிலை."

மிஸ்ஸின் விதி என்னைக் காப்பாற்றியது. "ஓம்."

"இண்டைக்கு நான் ஐயாவுக்கு முடிவு சொல்ல வேணும்."

"ஓம். உங்களுக்கு நெருக்கடியாய் இருக்கு."

"நெருக்கடிதான். எனக்கு இஞ்சை ஒருத்தரைப் பிடிச்சிருக்கு."

யாரவன்? சண்டிலிப்பாயில் எத்தனை இளைஞர் மிச்சமிருந்தார்கள் என்று மனம் கணக்கெடுக்கத் தொடங்கியது. வாய் மட்டும் "ஓம்" என்றது.

"அவரும் படிப்பிக்கிறவர்தான். நல்ல மனுசன். ஆனால் வாயைத் திறந்து ஒண்டும் சொல்லுறார் இல்லை. கன தூரத்திலையிருந்து சைக்கிளிலை வாறவர்."

"ஓம். அவர் கன தூரத்திலையிருந்து வாறது உங்களுக்குப் பாவமாய் இருக்கு."

(சிரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் எல்லோரும் கன தூரத்திலிருந்து சைக்கிளில்தான் வந்தார்கள்.)

மூலையில் விசிறி நின்றுவிட்டது. சிவாஜினி என்னை நேராகப் பார்த்தார். அப்படி அவர் என்னைப் பார்த்ததே இல்லை.

"அவர் ஒரு சொல்லுச் சொன்னால் காணும். ஐயாவோடை சண்டை பிடிச்செண்டாலும் நிண்டிடுவன். சொல்லாட்டில்... வீட்டிலை சம்மதம் எண்டு சொல்லட்டே, சேர்?"

இது கேள்வி. கேள்விக்கு விடை சொல்லக் கூடாது. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் காட்ட வேண்டும். கனிவாகத் தலையசைத்து, என் வாழ்நாளின் மிகத் திருத்தமான குரலில் சொன்னேன்:

"ஓம்."

பிறகு மௌனம். மௌனத்துக்கு நான் பயப்படவில்லை. பெருமையோடு அதற்குள் நிமிர்ந்து இருந்தேன்.

"சரி," என்றார் சிவாஜினி. "உங்கடை வாயாலை கேட்டது நல்லதாப் போச்சு." எழுந்து வெளியே போனார்.

மிஸ் என்னைக் கனநேரம் பார்த்தார். "விதிப்படி எல்லாம் சரி. உமக்குப் பாஸ்," என்றார். "உம்மைப் போலை ஒரு ஆளை நான் என்ரை சீவியத்திலை காணேல்லை." நான் நன்றி சொன்னேன்.

சைக்கிள் நிறுத்துமிடத்தில் சிவாஜினி "போறன்" என்றார். எங்கள் பக்கத்தில் கிணற்றடிக்குப் போகிறவர்கூட 'போட்டு வாறன்' என்றுதான் சொல்வார். 'போறன்' என்பது வீட்டைவிட்டு ஒரேயடியாகப் போகிறவர் சொல்கிற சொல். பாவம், மனக்குழப்பத்தில் சொல் தவறிவிட்டது என்று ஒரு சீர்மியராக விளங்கிக்கொண்டேன்.

வல்லை வெளி வரை அப்படித்தான் விளங்கியிருந்தது. சோளகக் காற்று முதுகில் தள்ள, மிதிக்காமலே சைக்கிள் ஓடியது. யாரந்த வாய் திறக்காத மடையன் என்று அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். படிப்பிக்கிறவன். கன தூரம். சைக்கிள். அந்த வெளியின் நட்டநடுவில், ஒரு பனைகூட இல்லாத இடத்தில், அந்த மடையன் யார் என்று எனக்குத் தெரிந்தது.

சைக்கிளைத் திருப்பினேன். அதுவரை தள்ளிவந்த காற்று முகத்தில் அறைந்தது. மினுக்கிய சேட்டு தோசைக்கல் துடைத்த துணியாகும் வரை மிதித்தேன். வழி முழுவதும் ஒரே வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டு போனேன்: 'அது சம்மதிச்ச ஓம் இல்லை, கேட்ட ஓம். எனக்கு நீங்கள் வேணும்.' பொழுது சாய்கிற நேரம், சண்டிலிப்பாயில் விசாரித்து, அவர்களுடைய படலையில் போய் நின்றேன்.

சிவாஜினியின் ஐயா வந்து திறந்தார்.

"வகுப்பிலை படிக்கிற மாஸ்ரரோ? வாங்கோ, வாங்கோ! பிள்ளை இப்பதான் சம்மதம் எண்டு சொன்னவ. நீங்கள்தான் நல்லாய் விளங்கப்படுத்தினீங்களாம். பெரிய உதவி!"

நான் வாயைத் திறந்தேன். அறைக்குள் கேட்டதை வெளியில் கதைக்கக் கூடாது என்ற விதி அந்த நேரம் பார்த்து வந்து நாக்கில் குந்தியது. ஐயா என்னைக் கதிரையில் இருத்தி, மாப்பிள்ளையின் குடும்பம், குணம், குளிர்ச் சட்டை எல்லாவற்றையும் விரிவாகச் சொன்னார்.

"ஓம்," என்றேன். "ஓம். ஓம்."

சிவாஜினி தேத்தண்ணியோடு வந்தார்.

"என்ன சேர், ஏதும் சொல்ல வந்தனீங்களோ?"

அவருடைய கண்கள் இன்னும் காத்திருந்தன. இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு நோகிறது. அவை உண்மையாகவே காத்திருந்தன. பக்கத்தில் ஐயா புன்னகையோடு இருந்தார். அவ்வளவு தூரம் மனப்பாடம் பண்ணிய வசனத்தைச் சொல்லத்தான் எழுந்தேன். வாயிலிருந்து வந்தது இது:

"சைக்கிளுக்குக் காத்துப் போயிட்டுது. பம்ப் இருக்கோ?"

அவர் போய்ப் பம்பை எடுத்து வந்து என் கையில் தந்தார். கல்லுப்போல இருந்த ரயருக்கு நான் காற்றடித்தேன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நிறுத்தினால் புறப்பட வேண்டும் என்பதால் நிறுத்தாமல் அடித்தேன். ரியூப் வெடித்தது. 'செல் விழுகுது!' என்று கத்திக்கொண்டு பக்கத்து வீட்டார் பதுங்கு குழிக்குள் பாய்ந்தார்கள்.

ஐயா தன் சைக்கிளின் பழைய ரியூப் ஒன்றை மாற்றித் தந்தார். சிவாஜினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். சிரித்தாரா, அழுதாரா என்று அந்த மங்கலில் தெரியவில்லை. அதைக் கேட்கிற துணிவு, சான்றிதழ் பெற்ற சீர்மியருக்கு இருக்கவில்லை.

அடுத்த மாதம் அவர் குடாநாட்டை விட்டு வெளியேறுகிற பாஸ் எடுத்து, கிளாலிக் கடலேரியில் வள்ளம் ஏறிப் போய்விட்டார். எனக்கு அறை கிடைத்தது. பிள்ளைகள் வந்து கதைத்தார்கள், கேட்டேன். நன்றாகவே கேட்டேன் என்று இன்றும் சொல்கிறார்கள். சனிக்கிழமைகளில் மட்டும் எங்கே போவதென்று தெரியாமல், சும்மா வல்லை வெளி வரை சைக்கிளில் போய் வருவேன்.

பிறகு எனக்கும் கலியாணம் நடந்தது. மனைவியிடம் மட்டும் விதியை மீறி இந்தக் கதையைச் சொன்னேன். அவளோ அதை ஊர் முழுக்க மீறினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் ஓம் என்றால் சமையலறையிலிருந்து குரல் வரும்: "உது கேக்கிற ஓமோ, சம்மதிக்கிற ஓமோ?" பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கலியாண வீடுகளில் தெரியாதவர்களும் என்னிடம் கேட்கிறார்கள்.

போன வருடம் கனடாவிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வந்த சிவாஜினி எங்கள் வீடு தேடி வந்தார். நரைத்திருந்தது. என் மனைவி தேத்தண்ணியைக் கையில் கொடுத்து, முழுக் கதையையும் பம்போடு சேர்த்து அவருக்கே சொன்னாள். அவர் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பு மாறவே இல்லை. எழும்பும்போது வழக்கம்போலத்தான் கேட்டார்:

"அப்ப நான் வெளிக்கிடட்டே, சேர்?"

"ஓம் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேயுங்கோ!" என்றாள் மனைவி. வீடு முழுக்கச் சிரித்தது.

படலை வரை நான் கூடப் போனேன். அவர் ஓட்டோவில் ஏறித் திரும்பிப் பார்த்து, "போட்டு வாறன்," என்றார்.

"ஓம்," என்றேன்.

ஓட்டோ ஒழுங்கை முடக்கில் மறைந்த பிறகும் நான் படலையில் நின்றதை மனைவி பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது. அது எந்த ஓம் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.